பன்னிரண்டரை மீற்றர்

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
இதுவரை நீங்கள் ஏறிய அதிகூடிய உயரம்?
பேனையை மூடி வைத்துவிட்டு
ஒட்டுசுட்டானில் உயரமானவை எவையென்று யோசித்தேன்.
தண்ணீர்த் தாங்கி. தொலைபேசிக் கோபுரம்.
ஒன்பது வயதில், பழத்துக்காக, ஒரு பாலை மரம்;
அதிலும் இறங்கத் தெரியாமல் அழ
மாமா ஏணி கொண்டுவந்தவர்.
"குளக்கட்டு" என்று எழுதினேன்.
பன்னிரண்டரை மீற்றர்,
கயிறு விட்டு நானே அளந்தது.

போக வேண்டியது ஆறாயிரத்து நானூறு.
வகுத்துப் பார்த்தால்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு குளக்கட்டு,
ஒன்றன்மேல் ஒன்று.

"கைலாசமோ பிள்ளை?"
பக்கத்து வளவு நாகபூசணி அக்கா
விபூதிக்கும் சொல்லி வைத்துவிட்டார்.
இல்லையக்கா, அதிலை சாமி இல்லை.
"அப்ப என்னத்துக்கு?"
இரண்டு சீட்டுக் காசு, ஒரு கறவை மாடு,
குறைந்ததற்கு ஒஸ்லோ மச்சாள்.
அவ்வளவையும் கொட்டிவிட்டு
வேலியடியில் பதிலில்லாமல் நின்றேன்.

பதினொரு வருடமாக
என் முகத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு முழம்.
முழங்காலில் இருந்து, கவசத்துக்குள் வெந்து,
ஒரு நாளில் இரண்டு பாய் விரிக்கிற அளவு மண்ணைச்
சுரண்டிச் சுரண்டிப் பார்த்து
இனி நடக்கலாம் என்று கொடுப்பது என் வேலை.
கொடுத்த மண்ணில் கச்சான் போட்டிருக்கிறார்கள்.
யாரோ ரக்ரரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.
நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள்
அடுத்த பாய்.

மச்சாளின் பொதி வந்தது.
வாத்து இறகு அடைத்த சிவப்பு மேலங்கி.
போட்டுப் பார்க்காமல் இருக்கேலுமா?
வெளியே முப்பத்தாறு பாகை.
மின்விசிறியை முழுவேகத்தில் விட்டு
கண்ணாடி முன் நின்றேன்:
முகம் முளைத்த தலையணை.
பூனை கட்டிலுக்குக் கீழே போனது
சோற்று நேரம்வரை வரவில்லை.

வெள்ளி இரவு காணொளியில் வழிகாட்டி.
தாவா என்று பேர். உதடு வெடித்த, அவசரமில்லாத மனிதர்.
அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே வகுப்பு.
"பனிமேல் சிவப்புக் கொடி நட்டிருப்பேன்.
கொடிக்கு இந்தப் பக்கம் மட்டும் கால்.
அந்தப் பக்கமும் பார்க்க இதே மாதிரித்தான்.
கீழே ஒன்றும் இருக்காது."
சென்னைப் பல்வைத்தியர் கேட்டார்:
படம் எடுக்க இரண்டடி தள்ளினால்?
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒலியை நிறுத்த மறந்திருந்தேன்.
"ஒட்டுசுட்டான் மேடம், ஏதும் சந்தேகமா?"
இல்லை, என்றேன்.
சிவப்புத் தலை வைத்த தடிகளோடு
நான் வயதாகிக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லை.
சயந்தி இப்போது இடக்கையால் எழுதப் பழகுகிறாள்
என்பதையும்.

விடிய நாலரை.
முதுகுப்பையில் பதினைந்து கிலோ நெல்.
புதுச் சப்பாத்து குதிக்காலைத் தின்னுகிறது.
நாளுக்குப் பதினாறு தரம் ஏறி இறங்க வேணும்.
முதல் கிழமை எழும்பிப் பறந்த நீர்க்காகங்கள்
இப்போது ஒரு கண்ணைத் திறந்துவிட்டு
மூடிக்கொள்கின்றன.
தோணியில் இருந்து ஞானசீலன் கத்துவார்:
"எந்தளவில நிக்கிறாய்?"
கட்டில் நின்று எண்ணைச் சொல்வேன்.
பிறகு கொஞ்சநேரம் அக்கரையைப் பார்ப்பேன்,
காடு முடிகிற இடம் வரைக்கும்.
காலை விடக் கண்தான் பிந்துகிறது;
தூரம் அதற்குப் பழக்கமில்லை.

இன்றைக்கு இருநூற்று ஐம்பத்தாறாவது.
கணக்கின்படி மூவாயிரத்து இருநூறு மீற்றர்.
இவ்வளவில் தலையிடிக்கும் என்று தாவா எழுதியிருந்தார்.
இடிக்கவில்லை.
கட்டடிக் கடை திறந்திருந்தது.
நெல்லிக்கிறஷ் ஒன்று வாங்கி
ஐஸ் போட்டுக் குடித்தேன்.
பெடியன் மிச்சக் காசுக்கு
இரண்டு ரொபி தந்தான்.
பாதி மலையில்
வேறு யாருக்குக் கிடைக்கும்?